பார்சலில் வந்த முட்டை, மலையில் பொரிந்த குஞ்சு

கட்டபெட்டு, கூக்கல்தொரை, கோத்தகிரி என்று நம் பக்கத்தில் எனக்குத் தெரிந்தே பல வீடுகளில் இப்போது சின்ன இன்குபேட்டர் இருக்கிறது. கீழே பொள்ளாச்சி, நாமக்கல் பக்கமிருந்து நாட்டுக்கோழி முட்டையைப் பார்சலில் வரவழைக்கிறார்கள். பெட்டியில் அடுக்கிவிட்டு 21 நாள் காத்திருக்கிறார்கள். இருபது முட்டையில் ஐந்தோ ஆறோ பொரிந்தால் முகம் வாடிப்போகிறது. முட்டை சரியில்லை, மெஷின் சரியில்லை, நமக்குக் கைராசி இல்லை என்று ஏதோ ஒன்றைச் சொல்லிப் பெட்டியைப் பரணில் ஏற்றிவிடுகிறார்கள்.

இந்தப் பதிவு அந்தப் பெட்டியை மறுபடி இறக்கி வைக்கச் சொல்வதற்காக. முட்டை, மெஷின், கைராசி மூன்றையும் தாண்டி நான்காவதாக ஒன்று இருக்கிறது. அது நம் ஊர்க் காற்று. இன்குபேட்டருடன் வரும் கையேடு சமவெளிக்காக எழுதப்பட்டது. யூடியூப்பில் பார்க்கும் வீடியோக்களும் பெரும்பாலும் சமவெளிக்காரர்களுடையவைதான். கோத்தகிரி 1,800 மீட்டருக்குச் சற்றுக் குறைவான உயரத்தில் இருக்கிறது, ஊட்டி 2,240 மீட்டரில். இரண்டுக்கும் நடுவில் இருக்கிறோம் நாம். இந்த உயரத்துக்கென்று சில கணக்குகளை மாற்றியே ஆக வேண்டும்.

எந்த முட்டை பொரியும்?

முதலில் ஒரு அடிப்படை. மளிகைக் கடையில் வாங்கும் வெள்ளை முட்டையை எந்த மெஷினில் வைத்தாலும் பொரியாது. நாமக்கல் பண்ணைகளில் கூண்டில் இருக்கும் கோழிகளுடன் சேவல் கிடையாது. சேவல் சேர்ந்த கோழியின் முட்டையில்தான் கரு இருக்கும். சிறுவிடை, பெருவிடை, கருங்கோழி என்று எந்த இனம் கேட்டாலும், அந்தப் பண்ணையில் சேவல் எத்தனை, கோழி எத்தனை என்று கேட்டுக்கொள்ளுங்கள். பத்துக் கோழிக்கு ஒரு சேவல் இருந்தால் நிம்மதியாக வாங்கலாம்.

கரு என்றால் நாம் அடை வைத்த பிறகு உண்டாவது என்று பலர் நினைக்கிறார்கள். அப்படியில்லை. முட்டை ஏறக்குறைய ஒரு நாள் தாயின் உடலுக்குள், 41 டிகிரி சூட்டில் இருந்துவிட்டுத்தான் வெளியே வருகிறது. அதற்குள்ளாகவே கரு பல்லாயிரம் செல்களாகப் பிரிந்திருக்கும். வெளியே வந்து ஆறியதும் வளர்ச்சி நிற்கும். கருவுக்கு உயிர் இருக்கும், அசைவு இருக்காது. நாம் பார்சலில் வரவழைப்பது இப்படி உறங்கும் ஓர் உயிரை. அந்த உறக்கத்துக்கும் கெடு உண்டு. இட்டு ஏழு நாளைக்குள் அடை வைத்துவிட வேண்டும். அதன் பிறகு ஒவ்வொரு நாளும் பொரிக்கும் திறன் இறங்கிக்கொண்டே போகும்.

அதனால் நான் விலையைக் கேட்பதற்கு முன்பே தேதியைக் கேட்பேன்.

"முட்டை மேல இட்ட தேதியப் பென்சில்ல எழுதி அனுப்ப முடியுங்களாண்ணா?"

"இதுவரைக்கும் யாரும் கேட்டதில்லைங்க மேடம். எழுதித் தர்றேன், அதுக்கென்னங்க."

பெரும்பாலான பண்ணைக்காரர்கள் மகிழ்ச்சியாகவே எழுதித் தருகிறார்கள். யாரும் கேட்காததால்தான் யாரும் எழுதுவதில்லை. பேனா வேண்டாம், பென்சில்தான். ஓட்டின் துளைகள் வழியே மை உள்ளே இறங்கக் கூடாது.

பயணம் முட்டையை என்ன செய்கிறது?

பார்சல் முட்டையில் பாதி பொரிந்தாலே நல்ல பொரிப்பு என்று அனுபவசாலிகள் சொல்வார்கள். அது உண்மைதான். முட்டை உடையாமல் வந்தாலும் உள்ளே குலுங்கியிருக்கும். அகன்ற முனையில், ஓட்டுக்கு உட்புறம் இரண்டு சவ்வுகளுக்கு நடுவில் ஒரு காற்றறை இருக்கிறது. குஞ்சு ஓட்டைக் கொத்துவதற்கு முன் முதல் மூச்சை இழுப்பது அந்த அறையிலிருந்துதான். லாரியிலும் பஸ்ஸிலும் குலுங்கி வரும்போது உள்சவ்வு வெளிச்சவ்விலிருந்து பிரிந்துவிடும்.

இதை நீங்களே பார்க்கலாம். இரவில் விளக்கை அணைத்துவிட்டு, முட்டையின் அகன்ற முனையில் டார்ச்சை ஒட்டிப் பிடியுங்கள். நல்ல முட்டையில் காற்றறை ஒரு வெளிச்சத் தொப்பி மாதிரி முனையிலேயே அசையாமல் நிற்கும். முட்டையை மெல்லச் சாய்த்துப் பாருங்கள். அடிபட்ட முட்டையில் அந்தத் தொப்பியின் விளிம்பு முட்டையோடு சாய்ந்து பக்கவாட்டில் நழுவும். இன்னும் மோசமாக அடிபட்டிருந்தால் காற்றுக் குமிழி உடைந்து, முட்டை முழுக்க மேலும் கீழும் ஓடும். முதல் வகையைக் காப்பாற்றலாம். இரண்டாம் வகை பொரிவது அபூர்வம்.

காப்பாற்றும் வழி எளிது: ஓய்வு. முட்டை வந்ததும் கூர்முனை கீழே, அகன்ற முனை மேலே இருக்கும்படி காகித முட்டை டிரேயில் நிறுத்தி ஒரு நாள் முழுக்க அசைக்காமல் விட வேண்டும். காற்றறை மெல்ல மேலேறித் தன் இடத்தில் உட்காரும். அடை வைக்கும்போதும் இந்த முட்டைகளைப் படுக்க வைக்காமல் நிறுத்தியே வைப்பேன். காற்றறை நழுவியவற்றை முதல் சில நாள் திருப்புவதும் இல்லை. அதன் பிறகு இந்தப் பக்கம் ஒருமுறை, அந்தப் பக்கம் ஒருமுறை என்று டிரேயை மெல்லச் சாய்த்து வைத்தால் போதும்.

பேக்கிங் பற்றி அனுப்புகிறவரிடம் முன்கூட்டியே பேசிவிடுவது நல்லது. முட்டை ஒவ்வொன்றையும் தனியாகச் சுற்றி, கூர்முனை கீழே இருக்குமாறு உமியிலோ மரத்தூளிலோ நெருக்கமாகப் புதைத்தால் குலுக்கல் வெகுவாகக் குறையும். இரவு வண்டியில் ஏற்றச் சொல்லுங்கள். ஏப்ரல், மே பகலில் கீழே வெயிலில் நிற்கும் வண்டிக்குள் கரு அரைகுறையாக விழித்துக்கொள்ளும். பிறகு மேட்டுப்பாளையம் தாண்டி மலையேறும்போது குளிரில் அடங்கும். இப்படி விழித்து அடங்கிய கரு பெரும்பாலும் பிழைப்பதில்லை.

மலைக் காற்றின் கணக்கு

இனிமேல் சொல்வதுதான் நம் ஊருக்கே உரிய விஷயம்.

60 கிராம் எடையுள்ள கோழி முட்டையின் ஓட்டில் சுமார் 10,000 நுண்துளைகள் இருக்கின்றன. அந்த 21 நாளில் அவற்றின் வழியே சுமார் 6 லிட்டர் ஆக்சிஜன் உள்ளே போகிறது. நான்கரை லிட்டர் கரியமில வாயுவும் 11 லிட்டர் நீராவியும் வெளியே வருகின்றன. அந்தத் துளைகளைத் திறக்கவோ மூடவோ கருவால் முடியாது. எத்தனை துளை, எவ்வளவு அகலம் என்பதைத் தாய்க்கோழி ஓடு போடும்போதே முடிவு செய்துவிடுகிறது.

நம் உயரத்தில் காற்றழுத்தம் கடல் மட்டத்தில் இருப்பதில் ஏறக்குறைய ஐந்தில் நான்கு பங்கு. அழுத்தம் குறைந்த காற்றில் நீராவி வேகமாகப் பரவும். வெப்பமும் ஈரப்பதமும் ஒன்றாகவே இருந்தாலும், கீழே இருப்பதைவிட இங்கே முட்டை கால் பங்கு கூடுதலாகத் தண்ணீரை இழக்கும். 45 கிராம் நாட்டுக்கோழி முட்டையை எடுத்துக்கொள்வோம். 18 நாளில் அதன் எடையில் 11 முதல் 13 சதவீதம் குறைய வேண்டும் என்பது அளவு. அதாவது ஐந்தரை கிராம் போல. கையேட்டில் சொன்ன ஈரப்பதத்தையே இங்கேயும் வைத்தால் ஆறே முக்கால் கிராம் போய்விடும். குஞ்சுக்குத் தண்ணீர் பற்றாது, உள்சவ்வு உலர்ந்து உடம்போடு ஒட்டிக்கொள்ளும். 21ஆம் நாள் முழுதாக வளர்ந்த குஞ்சு ஓட்டுக்குள்ளேயே செத்துக் கிடப்பதற்கு இது ஒரு முக்கியக் காரணம்.

"இங்கேதான் எப்பப் பார்த்தாலும் மூடுபனியும் மழையுமா இருக்கே, ஈரத்துக்கா பஞ்சம்?" என்று கேட்கலாம். இங்கேதான் பலரும் தடுமாறுகிறார்கள். 10 டிகிரி குளிரில், வாசல் தெரியாத மூடுபனியில் காற்று முழுக்க நனைந்திருந்தாலும், அதில் இருக்கும் நீராவியின் மொத்த அளவு கொஞ்சம்தான். அதே காற்று இன்குபேட்டருக்குள் போய் 37.5 டிகிரிக்குச் சூடாகும்போது அதன் ஈரப்பதம் 20 சதவீதத்துக்கும் கீழே இறங்கிவிடும். ஜன்னலுக்கு வெளியே தேயிலைச் செடியில் தண்ணீர் சொட்டிக்கொண்டிருக்கும். பெட்டிக்குள்ளே முட்டை காய்ந்துகொண்டிருக்கும்.

ஆக்சிஜன் கணக்கு இதற்கு எதிர்த்திசையில் இழுக்கிறது. காற்றில் ஆக்சிஜனின் விகிதம் எங்கேயும் 21 சதவீதம்தான். அழுத்தம் குறைவதால் கருவுக்கு எட்டும் அளவு குறைகிறது. ஆகவே பெட்டியின் காற்றுத் துளைகளைத் திறந்தே வைக்க வேண்டும். திறந்தால் ஈரம் போகும். ஈரத்துக்காக மூடினால் மூச்சு முட்டும். காற்றையும் விடாமல் ஈரத்தையும் விடாமல் பிடிக்க வேண்டும். மலையில் முட்டை பொரிக்க வைப்பவரின் வேலை முழுக்க இதுதான்.

பெரு நாட்டின் கோழிகள்

இந்தச் சிக்கல் நமக்கு மட்டும் வந்ததில்லை. ஸ்பானியர்கள் பெரு நாட்டுக்குக் கோழிகளைக் கொண்டுபோனார்கள். இன்கா பேரரசின் தலைநகரமான குஸ்கோ 3,400 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. அந்த ஊரிலேயே பிறந்து வளர்ந்த இன்கா கார்சிலாசோ தெ லா வேகா 1609ல் வெளியிட்ட வரலாற்று நூலில் இதைப் பதிவு செய்திருக்கிறார். குஸ்கோவில் பல ஆண்டுகள் கோழிகள் குஞ்சு பொரிக்கவே இல்லையாம். அருகில் தாழ்ந்த பள்ளத்தாக்குகளில் இருந்த கோழிகளோ தாராளமாகப் பொரித்தன. பின்னாளில் குஸ்கோவிலும் பொரிக்கத் தொடங்கின.

ஏன் அப்படி என்பதற்கான விடையின் ஒரு பகுதி 1970களில் கிடைத்தது. உயரமான இடங்களில் வாழும் பறவைகளின் முட்டை ஓட்டில் துளைகளின் மொத்தப் பரப்பு குறைந்திருக்கிறது என்று ஹெர்மன் ரான், சிந்தியா கேரி முதலானோர் 1977ல் காட்டினார்கள். துளைப் பரப்பு குறைந்தால், வேகமாகப் பரவும் மலைக் காற்றிலும் முட்டை சரியான அளவுதான் தண்ணீரை இழக்கும். 3,800 மீட்டர் உயரத்தில் வளர்ந்த கோழிகளை 1,200 மீட்டருக்கு இறக்கியபோது அவற்றின் முட்டை ஓட்டின் தன்மை மாறியதையும் ரான் குழுவினர் 1982ல் பதிவு செய்தார்கள். தான் மூச்சு விடும் காற்றுக்கு ஏற்றபடிதான் கோழி ஓட்டைக் கட்டுகிறது.

நம் உயரம் அந்த 3,800 மீட்டரில் பாதிதான், விளைவும் அதற்கேற்ப மிதமானதுதான். ஆனாலும் திசை அதேதான். நாமக்கல்லில் இட்ட முட்டையின் துளைகள் நாமக்கல் காற்றுக்குக் கட்டப்பட்டவை. அதைக் கட்டபெட்டில் பொரிக்க வைக்கும்போது, ஓடு செய்ய முடியாததை நாம் செய்ய வேண்டியிருக்கிறது.

நான் செய்யும் முறை

*பருவம்.* பிப்ரவரி முதல் மே வரை நல்ல காலம். நம் பக்கத்துக்கு ஐப்பசி, கார்த்திகை மழைதான் பெரிய மழை. சில்வர் ஓக் கிளை முறிந்து கம்பியில் விழுந்தால் கரண்ட் வர எவ்வளவு நேரமாகும் என்று யாராலும் சொல்ல முடியாது. மார்கழி, தை மாதங்களில் அறையே 10 டிகிரிக்கு இறங்கும்போது சின்ன தெர்மாகோல் பெட்டி சூட்டைப் பிடிக்கத் திணறும்.

*இடம்.* வெளிச்சுவரை ஒட்டாத உள்ளறை. ஜன்னல் காற்றும் வெயிலும் நேராகப் படக் கூடாது. அறை 20 டிகிரிக்கு மேல் இருந்தால் பெட்டி அமைதியாக வேலை செய்யும்.

*தெர்மாமீட்டர்.* பெட்டியில் ஒளிரும் எண்ணை அப்படியே நம்பாதீர்கள். அரை டிகிரி குறைந்தாலும் பொரிப்பு தள்ளிப்போகும், ஒன்றரை டிகிரி கூடினால் கரு சாகலாம். காய்ச்சல் பார்க்கும் நல்ல தெர்மாமீட்டரை முட்டைகளுக்கு நடுவில் வைத்து ஒப்பிட்டுப் பாருங்கள். நமக்கு வேண்டிய 37.5 டிகிரி அதன் அளவுக்குள்தான் வருகிறது. கொதிக்கும் தண்ணீரில் வைத்து 100 காட்டுகிறதா என்று சோதிக்கும் முறை இங்கே உதவாது. நம் ஊரில் தண்ணீர் 94 டிகிரிக்குள்ளாகவே கொதித்துவிடும். பெட்டியில் மின்விசிறி இருந்தால் 37.5 டிகிரி. விசிறி இல்லாத பெட்டியில் முட்டையின் மேல்மட்டத்தில் அளந்து 38.5 டிகிரி வரை வைக்கலாம்.

*ஈரமானி.* இதையும் சோதிக்க வேண்டும். ஒரு மூடியில் சமையல் உப்பைப் போட்டு, கரையாமல் ஈரமாகும் அளவுக்குத் தண்ணீர் தெளித்து, ஈரமானியுடன் சேர்த்து இறுக்கமான டப்பாவுக்குள் அரைநாள் வையுங்கள். 75 சதவீதம் காட்ட வேண்டும். எவ்வளவு கூடக் குறையக் காட்டுகிறதோ அதற்கேற்பக் கணக்கைச் சரிசெய்துகொள்ளுங்கள்.

*முட்டையை உள்ளே வைப்பது.* குளிர்ந்த அறையில் ஓய்வெடுத்த முட்டையை நேராகச் சூடான பெட்டிக்குள் வைத்தால் ஓடு வியர்த்துவிடும். அந்த ஈரத்தோடு கிருமியும் துளை வழியே உள்ளே போகும். முதலில் சில மணி நேரம் வெதுவெதுப்பான அறையில் வைத்துவிட்டுப் பிறகு பெட்டிக்கு மாற்றுங்கள். அழுக்கு முட்டையைத் தண்ணீரில் கழுவாதீர்கள். கழுவித்தான் ஆக வேண்டும் என்ற அளவுக்கு அழுக்காக இருந்தால் அடைக்கே வைக்காதீர்கள்.

*ஈரம்.* கையேடு முதல் 18 நாளுக்கு 50 முதல் 55 சதவீதம் என்று சொல்லும். பார்சல் முட்டைக்கு இங்கே நான் 60 சதவீதத்தை ஒட்டி வைக்கிறேன். காற்றுத் துளைகளை மூடுவதில்லை. அதற்குப் பதிலாகத் தண்ணீரின் பரப்பைக் கூட்டுகிறேன். ஆழமான கிண்ணத்தைவிட அகலமான தட்டுதான் வேலை செய்யும். தட்டில் ஒரு பஞ்சுத் துண்டை நிறுத்தி வைத்தால் இன்னும் நல்லது. ஊற்றும் தண்ணீர் வெதுவெதுப்பாக இருக்கட்டும்.

*எடை.* ஈரமானியைவிட நம்பகமான கருவி சமையலறைத் தராசு. அடை வைக்கும் நாளில் முட்டைகளை டிரேயோடு நிறுத்து, டிரேயின் எடையைக் கழித்து எழுதிக்கொள்ளுங்கள். பத்து முட்டை 450 கிராம் என்று வைத்துக்கொண்டால், ஏழாம் நாள் சுமார் 20 கிராமும் பதினான்காம் நாள் சுமார் 40 கிராமும் குறைந்திருக்க வேண்டும். அதிகம் குறைந்திருந்தால் தண்ணீர்ப் பரப்பைக் கூட்டுங்கள், போதிய அளவு குறையாமல் இருந்தால் தட்டை எடுத்துவிடுங்கள். ஈரம் மிஞ்சினாலும் ஆபத்துதான். காற்றறை சிறுத்து, குஞ்சு கடைசி நேரத்தில் மூச்சுக்குத் திணறும். முட்டையின் துளைகளை நம்மால் எண்ண முடியாது. அவை செய்யும் வேலையைத் தராசு காட்டிவிடும்.

*திருப்புதல்.* ஒரு நாளைக்கு மூன்று முதல் ஐந்து முறை. ஒற்றைப்படையில் திருப்பினால் நீண்ட இரவுகளில் முட்டை ஒரே பக்கமாகக் கிடக்காது. திருப்பாவிட்டால் கரு சவ்வோடு ஒட்டிக்கொள்ளும்.

*கரண்ட் போனால்.* பதற வேண்டாம். தாய்க்கோழியும் தினமும் இரை பொறுக்க எழுந்து போகிறது. பெட்டியைத் திறக்காமல் கம்பளி போர்த்தி, பக்கத்தில் வெந்நீர் பாட்டில் வைத்தால் சில மணி நேரம் தாங்கும். குளிரைவிடச் சூடுதான் சீக்கிரம் கொல்லும். முடிந்தால் சின்ன யூபிஎஸ் ஒன்று வைத்துக்கொள்ளுங்கள்.

ஏழாம் நாள் விளக்கு

ஏழாம் நாள் இரவு மறுபடி டார்ச்சை எடுக்கிறேன். கரு ஓடிய முட்டையில் சிவப்பு நரம்புகள் ஒரு புள்ளியிலிருந்து நாலாபக்கமும் கிளைவிட்டிருக்கும். நடுவே இருக்கும் கரும்புள்ளி கண். கை ஆடாமல் பிடித்துக் காத்திருந்தால் அந்தப் புள்ளி மெல்ல ஊசலாடுவது தெரியும். இதயம் இரண்டாம் நாள் முடிவதற்குள்ளேயே துடிக்கத் தொடங்கியிருக்கும். மஞ்சளாக, தெளிவாக, எதுவும் இல்லாமல் ஒளிர்வது கூமுட்டை. நரம்பு இல்லாமல் வட்டமாக ஒரு ரத்தக்கோடு மட்டும் தெரிந்தால் கரு தொடங்கிச் செத்துவிட்டது என்று பொருள். இரண்டையும் எடுத்துவிட வேண்டும். விட்டுவைத்தால் அழுகி வெடித்து மற்ற முட்டைகளையும் கெடுக்கும்.

இந்த இரவுகளில் பக்கத்து வீட்டுப் பாட்டியும் வந்து உட்கார்ந்துகொள்வார். அவர் காலத்தில் அடைக்கோழிதான் எல்லாம். கூடையில் மணலும் வைக்கோலும் போட்டு, ஒற்றைப்படையில் முட்டை அடுக்கி, இடிக்குப் பயந்து கரித்துண்டும் இரும்புத்துண்டும் வரமிளகாயும் வைப்பார்கள்.

"இத்தனை நாள் கோழி தண்ணித் தட்டு கேட்டுச்சா, தராசு கேட்டுச்சா கண்ணு?" என்றார் ஒருமுறை.

"கோழிக்குத் தெரியுது பாட்டி, பெட்டிக்குத் தெரியலையே" என்றேன்.

அவர் சொன்னதில் நியாயம் இருக்கிறது. நல்ல அடைக்கோழி வீட்டில் இருந்தால் பார்சல் முட்டையை அதனடியில் வைப்பதுதான் முதல் வழி. திருப்புவதையும் சூட்டையும் அது பார்த்துக்கொள்ளும். வெறும் மண் தரையில் அடை கூட்டினால் மண்ணின் ஈரமும் கிடைக்கும்.

கடைசி மூன்று நாள்

18ஆம் நாள் திருப்புவதை நிறுத்துகிறேன். ஈரத்தை 70 சதவீதத்துக்கு ஏற்றிப் பெட்டியை மூடிவிட்டால் பிறகு திறப்பதில்லை. 19, 20ஆம் நாள்களில் குஞ்சு காற்றறையைக் குத்தி முதல் மூச்சை இழுக்கும். மூடிய ஓட்டுக்குள்ளிருந்து கீச்சுச் சத்தம் கேட்கும். அலகின் நுனியில் இருக்கும் சின்ன முட்டைப்பல்லால் ஓட்டில் ஒரு நட்சத்திர விரிசல் விழும்.

அதன் பிறகு பல மணி நேரம் எதுவுமே நடக்காது. பலருக்குப் பொறுமை போவது இந்த இடத்தில்தான். குஞ்சு சும்மா இருக்கவில்லை. சவ்வின் நரம்புகளில் இருக்கும் ரத்தத்தையும் வயிற்றோடு தொங்கும் மஞ்சள் கருவின் மிச்சத்தையும் உள்ளே இழுத்துக்கொண்டிருக்கிறது. விரிசல் விழுந்ததிலிருந்து வெளியே வர 12 முதல் 24 மணி நேரம் ஆகலாம். நாம் உதவுவதாக நினைத்து ஓட்டை உரித்தால் ரத்தம் வடிந்து குஞ்சு போய்விடும். மூடியைத் திறந்தால், சூடான ஈரக் காற்று வெளியேறி நம் குளிர்ந்த வறண்ட காற்று உள்ளே புகுந்து சவ்வைக் காயவைத்துவிடும். மலையில் இந்த விதி இன்னும் கண்டிப்பானது. கண்ணாடி வழியாகப் பாருங்கள், அது போதும்.

வெளியே வந்த குஞ்சு காய்ந்து பஞ்சாகும் வரை பெட்டியிலேயே இருக்கட்டும். உள்ளே இழுத்துக்கொண்ட மஞ்சள் கரு இரண்டு மூன்று நாளைக்குப் பசி தாங்கும். ஒருநாள் குஞ்சுகளை ஊர் விட்டு ஊர் அனுப்ப முடிவதும் இதனால்தான். முட்டை இரண்டு தடவை சரிவரவில்லை என்றால் ஒருநாள் குஞ்சாகவே வாங்கிவிடுங்கள். நாமக்கல் கால்நடை மருத்துவக் கல்லூரியிலும் ஓசூர் கோழியின உற்பத்தி மற்றும் மேலாண்மைக் கல்லூரியிலும் இதுபற்றி விசாரிக்கலாம்.

குஞ்சுகளுக்கு முதல் வாரம் 35 டிகிரி சூடு வேண்டும். பிறகு வாரத்துக்கு மூன்று டிகிரி போலக் குறைக்கலாம். கீழே மூன்று நான்கு வாரத்தில் பல்பை அணைத்துவிடுவார்கள். இங்கே இறகு முழுதாக முளைக்கும் வரை, ஆறு வாரமானாலும், இரவில் சூடு கொடுக்க வேண்டும். வெள்ளைக்கழிச்சலுக்கான முதல் சொட்டு மருந்தை ஒரு வார வயதுக்குள் கண்ணிலும் மூக்கிலும் போட்டுவிடுங்கள். பக்கத்துக் கால்நடை மருந்தகத்தில் கேட்டால் சொல்வார்கள். வெளியூர் முட்டையில் வந்த குஞ்சுகளை, வீட்டில் ஏற்கெனவே இருக்கும் கோழிகளோடு உடனே சேர்க்காதீர்கள்.

அடுத்த தலைமுறை

நம் தேயிலைத் தோட்ட ஓரங்களில் காலை நேரத்தில் சாம்பல் நிறக் காட்டுக்கோழியைப் பார்த்திருப்பீர்கள். வீட்டுக் கோழிகளின் மஞ்சள் தோலுக்கான மரபணு அந்தக் காட்டுக்கோழியின் வழியாகத்தான் வந்தது என்று 2008ல் வெளியான ஆய்வு காட்டியது. அது எந்தப் பெட்டியும் இல்லாமல் புதருக்கடியில் தரையில் முட்டையிட்டுக் குஞ்சு பொரித்துக்கொண்டிருக்கிறது. இங்கேயே வாழும் பறவை, இந்தக் காற்றுக்கு முட்டையிடுகிறது.

வீட்டுக் கோழியையும் அந்த இடத்துக்குக் கொண்டுவர முடியும். பார்சல் முட்டையிலிருந்து பொரிந்த வெடைக்கோழிகள் இங்கேயே ஆறேழு மாதம் வளர்ந்து முட்டையிடத் தொடங்கும்போது, அந்த ஓடு நம் காற்றில் கட்டப்பட்ட ஓடு. பஸ் குலுக்கலும் இல்லை, தேதி தெரியாத முட்டையும் இல்லை. இரண்டு நன்மையும் சேர்ந்தே வருகின்றன. என் வீட்டில் அப்படி வளர்ந்த கோழிகளின் முட்டையை அடை வைக்கும்போது தராசில் எடை சரியான அளவில் இறங்குகிறது, குஞ்சுகளும் தெம்பாக வெளியே வருகின்றன. நல்ல இனம் வேண்டுமென்று ஒவ்வொரு வருஷமும் கீழேயிருந்து முட்டை வரவழைப்பவர்கள் ஒவ்வொரு வருஷமும் அதே நஷ்டத்தைத்தான் வரவழைக்கிறார்கள்.

ஆகவே நான் கேட்டுக்கொள்வது இதுதான். பார்சல் முட்டையைத் தொடக்கத்துக்கு மட்டும் வைத்துக்கொள்ளுங்கள். அதில் ஐந்தே குஞ்சு பிழைத்தாலும் தோல்வி என்று எண்ணாதீர்கள். ஒரு சேவலும் நான்கு வெடைகளும் கிடைத்தால் அது ஒரு மந்தையின் தொடக்கம். அவற்றைக் கறிக்கு விற்றுவிடாமல் வளர்த்து, அடுத்த அடைக்கு அவற்றின் முட்டையை வையுங்கள். சொந்த ரத்தத்தில் ஓடாமல் இருக்கப் பக்கத்து ஊர்க்காரருடன் சேவலை மாற்றிக்கொள்ளுங்கள். கூக்கல்தொரையில் ஒருவர், கட்டபெட்டில் ஒருவர், கோத்தகிரியில் ஒருவர் இப்படி வைத்திருந்தால், நம் மூவருக்கும் இனி பார்சல் தேவைப்படாது.